கல்லும் செபமும்: தெயார் த ஷார்தன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் தெயார் த ஷார்தன் பெயரை எடுத்தாலே ஒரே மாதிரிச் சந்தேகங்கள் வரிசையாக வரும். பங்குச் சாமியார் கேட்பார், உயிரியல் எடுக்கிற டீச்சர் கேட்பார், கணினித் துறைப் பையன்கள் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிச் சொல்லி, பாதியை மறந்தும் போயிருக்கிறேன். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். பல வருடம் அவரோடு பழகியதில் எனக்கு அவர்மேல் அன்பு உண்டு. மனத்தாங்கலும் உண்டு. இரண்டையும் மறைக்கவில்லை.

யார் இவர்? ரெண்டு வரியில சொல்லுங்க, போதும்.

பியேர் தெயார் த ஷார்தன் (1881–1955) பிரெஞ்சுக்காரர். சேசு சபைக் குரு. நிலவியலும் தொல்லுயிரியலும் கற்று, வாழ்நாளில் இருபது ஆண்டுக்குமேல் சீனாவில் மண்ணையும் எலும்பையும் ஆராய்ந்தவர். பரிணாமம் நேற்றோடு முடிந்த கதை அல்ல, அது இன்னும் ஓடுகிறது, மனித மனங்கள் ஒன்றுகூடும் ஒரு முனையை நோக்கி ஓடுகிறது, அந்த முனையில் நிற்பவர் கிறிஸ்து என்று எழுதியவர். அப்படி எழுதிய முக்கியமான நூல்களில் ஒன்றுகூட அவர் உயிரோடு இருந்தபோது அச்சாகவில்லை.

பேரை எப்படிச் சொல்றது? டெயில்ஹார்டா?

தெயார். ‘தெயார் த ஷார்தன்’ முழுவதும் குடும்பப் பெயர், பியேர் என்பது இட்ட பெயர். சுருக்கமாகத் தெயார் என்றால் போதும்.

சாமியார் எப்படிங்க எலும்பு தோண்டப் போனார்?

எலும்புக்கும் முன்னால் கல் வந்தது. பிரான்சின் நடுவில் ஓவேர்ன் என்று ஒரு மலைநாடு, அணைந்த எரிமலைகளின் ஊர். அங்கே கிளேர்மோன்-ஃபெரானுக்குப் பக்கத்தில் சார்செனா என்ற வீட்டில், பதினொரு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார். அப்பா கல், பூச்சி, செடி எல்லாம் சேகரிப்பவர். அம்மா ஆழ்ந்த பக்தி உள்ளவர், அதே சமயம் திருச்சபையைக் கடுமையாகக் கேலி செய்த எழுத்தாளர் வோல்தேரின் உறவு வழியில் வந்தவர். ஐந்தாறு வயதில் பையனின் தலைமுடியைக் கத்தரித்தபோது ஒரு சுருள் தீயில் விழுந்து நொடியில் பொசுங்கியது. தன் உடம்பில் இருந்த ஒன்று இப்படி இல்லாமல் போகுமா என்று குழந்தை கலங்கிவிட்டது. அதன்பின் அழியாத பொருளைத் தேடி இரும்புத் துண்டுகளை ஒளித்து வைத்துக்கொண்டான், ஏரில் கழன்ற ஒரு இரும்பையும் சேர்த்து. ஒருநாள் அதுவும் துருப்பிடித்தது. இரும்பை விட்டுப் பாறைக்குப் போனான். இதையெல்லாம் அவரே முதுமையில் எழுதியிருக்கிறார். அவருடைய முழு வாழ்க்கையும் இந்தத் துருவில் தொடங்குகிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

1899-ல் சேசு சபையில் சேர்ந்தார். துறவற சபைகளுக்கு எதிரான சட்டங்களால் படிப்பு பிரான்சை விட்டு ஜெர்சித் தீவுக்கு நகர்ந்தது. 1905 முதல் 1908 வரை கெய்ரோவில் சேசு சபைப் பள்ளியில் இயற்பியலும் வேதியியலும் எடுத்தார், விடுமுறையில் பாலைவனத்தில் புதைபடிவம் தேடினார். பிறகு இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸில் இறையியல், 1911-ல் குருப்பட்டம். அங்கேதான் பிரெஞ்சுத் தத்துவவாதி பெர்க்சனின் பரிணாமத் தத்துவத்தைப் படித்தார், உலகம் நின்றுகொண்டிருக்கும் பொருள் அல்ல, நடந்துகொண்டிருக்கும் நிகழ்வு என்பது அவருக்குள் இறங்கியது. அடுத்து பாரிஸ் அருங்காட்சியகத்தில் தொல்லுயிரியலாளர் மார்செலன் பூலிடம் பாடம். 1922-ல் முனைவர் பட்டம், பொருள் பிரான்சின் தொடக்க ஈயோசீன் காலப் (சுமார் ஐந்து கோடி ஆண்டுக்கு முந்தைய) பாலூட்டிகள். சபை அவரைத் தெரிந்துதான் இந்த வேலைக்கு அனுப்பியது. சேசு சபையில் வானியலாளர்களும் தாவரவியலாளர்களும் அதற்கு முன்பே பலர் இருந்தார்கள்.

முதல் உலகப்போர்ல துப்பாக்கி தூக்கினாராமே?

துப்பாக்கி இல்லை, தூக்குக் கட்டில். காயம்பட்டவர்களைச் சுமந்து வருகிற ஆள். 1915 தொடக்கத்திலிருந்து போர் முடியும்வரை, பெரும்பாலும் வட ஆப்பிரிக்க முஸ்லிம் வீரர்கள் நிறைந்த படைப்பிரிவில் இருந்தார். அதிகாரி அந்தஸ்தோடு ஆன்ம குருவாக இருக்கச் சொன்னபோது மறுத்துவிட்டு வீரர்களோடேயே தங்கினார். அந்த வீரர்கள் அவரை ‘சீதி மராபு’ என்று அழைத்தார்கள், நம் ஊரில் அவ்லியா என்று சொல்வோமே, அந்த மரியாதையோடு. ஈப்ர், வெர்தூன் என்று அந்தப் போரின் மோசமான களங்கள் எல்லாம் பார்த்தார். இரண்டு சகோதரர்களை அந்தப் போர் கொண்டுபோனது.

அவருடைய முதல் பெரிய கட்டுரை 1916-ல் அந்தக் களத்தில்தான் எழுதப்பட்டது. ‘மனிதகுலம் ஒன்றாகும்’ என்று சொன்னவர் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து சொல்லவில்லை, பிணக் குவியலுக்கு நடுவே நின்று சொன்னார். அவருடைய நம்பிக்கையை மேலோட்டமானது என்று சொல்கிறவர்களுக்கு முதலில் இதைத்தான் நான் சொல்வேன். பின்னால் அவரிடம் குறை சொல்லும் இடமும் இதோடு சேர்ந்தே வரும்.

பீக்கிங் மனிதனைக் கண்டுபிடிச்சவர் இவர்தானே?

தனியாளாக இல்லை. பீக்கிங் மனிதன் என்பது சீனாவில் கிடைத்த ஓர் ஆதிமனித இனத்துக்கு வைத்த பெயர். பீக்கிங்குக்கு, அதாவது இன்றைய பெய்ஜிங்குக்கு, தென்மேற்கே சுமார் 50 கி.மீ. தூரத்தில் சோகௌதியென் என்ற சுண்ணாம்புக் குன்று. அங்கே முதல் மண்டையோட்டை 1929 டிசம்பர் 2 அன்று வெளியே எடுத்தவர் பெய் வென்சோங் என்ற இளம் சீன ஆய்வாளர். பல்லை வைத்தே இது புது இனம் என்று முன்பே பெயர் சூட்டியிருந்தவர் கனடாக்காரரான டேவிட்சன் பிளாக். தெயார் அந்த ஆய்வுக் குழுவின் நிலவியல் ஆலோசகர்.

அது சின்ன வேலை அல்ல. எந்த அடுக்கு எந்தக் காலம், கூட இருக்கும் விலங்கெலும்பு எதன் எலும்பு, அந்தக் கல் தானாக உடைந்ததா யாரோ செதுக்கியதா என்று சொல்ல ஆள் வேண்டும். மண்டையோட்டின் வயது அதைச் சுற்றிய மண்ணில்தான் இருக்கிறது. பெய்யும் தெயாரும் சேர்ந்து அங்குள்ள கற்கருவிகளைப் பற்றி 1932-ல் எழுதினார்கள். அதற்கு முன்பே, 1923-ல் எமீல் லிசான் என்ற சேசு சபைக் குருவோடு வட சீனாவின் ஓர்டோஸ் பாலைவனத்தில் பழைய கற்காலத் தடங்களை வெளிக்கொண்டு வந்திருந்தார். சீனாவில் பழைய கற்காலம் இருந்தது என்பதை நிலைநாட்டியதில் அந்தப் பயணத்துக்குப் பங்கு உண்டு. அசல் பீக்கிங் எலும்புகள் 1941 இறுதியில் போர்க் குழப்பத்தில் காணாமல் போயின. இன்று மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் வார்ப்புகள்தான்.

பாலைவனத்துல அப்பமும் ரசமும் இல்லாம பூசை வெச்சார்னு கேள்விப்பட்டேன். அது சரியா?

பூசை வைத்தார் என்பதைவிட, பூசை வைக்க முடியாத நாளில் செபித்தார் என்பது சரி. ஓர்டோஸ் பயணத்தில் கையில் அப்பம் இல்லை, திராட்சை ரசம் இல்லை, பீடம் இல்லை. அன்று உலகம் முழுவதும் செய்யப்போகும் உழைப்பை அப்பமாகவும், அன்று உலகம் முழுவதும் படப்போகும் வேதனையை ரசமாகவும் வைத்து, பூமி முழுவதையும் பீடமாக்கிக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தார். ‘உலகின் மீதான திருப்பலி’ என்பது அந்த எழுத்தின் பெயர்.

இது திடீரென்று வந்ததும் இல்லை. 1918-ல் போர்முனைக் காட்டில் பூசைக்கு வழியில்லாமல் இருந்தபோதே இதன் முதல் வடிவம் பிறந்துவிட்டது. சபை விதிப்படியான திருப்பலியின் இடத்தில் இதை அவர் வைக்கவில்லை. தினப்பூசையில் அவருக்கு இருந்த பற்று கடைசிவரை குறையவில்லை. ஒரு நிலவியலாளர் விடியற்காலையில் கிழக்கே பார்த்து நின்று, இன்று யாரெல்லாம் உழுவார்கள், யாரெல்லாம் பிரசவிப்பார்கள், யாரெல்லாம் சாவார்கள் என்று நினைத்துச் செபிக்கிறார். அவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அவருடைய மற்ற எதை ஏற்காதவர்களும் இதைப் படிக்கலாம்.

நூஸ்ஃபியர், ஒமேகா புள்ளின்னு என்னென்னமோ சொல்றாங்க. புரியுற மாதிரிச் சொல்லுங்க.

பூமியை வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே உலோகம், மேலே பாறை, அதன்மேல் நீர், காற்று. இவற்றுக்கு நடுவே மெல்லிய போர்வை மாதிரி உயிர்க்கோளம். இந்தச் சொல்லைத் தந்தவர் ஆஸ்திரிய நிலவியலாளர் எடுவார்ட் சூயஸ். அந்தப் போர்வைமேல் இன்னொரு போர்வை வந்துவிட்டது, அது எண்ணத்தால் ஆனது என்றார் தெயார். கிரேக்கத்தில் ‘நூஸ்’ என்றால் மனம். அதனால் நூஸ்ஃபியர், தமிழில் மனக்கோளம் எனலாம். 1920-களின் பாரிஸில் தெயார், தத்துவவாதி எடுவார் லெ ருவா, ரஷ்ய விஞ்ஞானி வெர்னாட்ஸ்கி மூவரும் பேசிப் பழகிய காலத்தில் இந்தச் சொல் உருவானது. வெர்னாட்ஸ்கி அதே சொல்லைக் கடவுள் இல்லாமலே கையாண்டார்.

அடுத்தது அவருடைய விதி. மணல்மேட்டில் கோடித் துகள் உண்டு, ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உறவில்லை. ஒரு உயிரணுவில் எல்லாமே ஒன்றையொன்று தாங்குகிறது. இப்படிப் பின்னல் கூடக்கூட உள்ளுணர்வும் கூடுகிறது என்றார். அணு, மூலக்கூறு, உயிரணு, நரம்பு, மூளை என்று போய், தனக்கு அறிவு உண்டு என்பதையே அறிகிற மனிதனில் ஒரு வாசல் திறக்கிறது. நாம் ஆறாவது அறிவு என்கிறோமே, அந்த வாசல்தான். நம் பழைய பாகுபாடு வகை பிரிக்கிறது, தெயார் அதைக் காலத்தில் நடந்த கதையாகச் சொல்கிறார்.

மனிதர்கள் பரவப் பரவ, பூமி உருண்டை என்பதால் ஒரு கட்டத்தில் திரும்பச் சந்தித்தே ஆகவேண்டும். விரிவு நெருக்கமாக மாறுகிறது, மனங்கள் ஒன்றின்மேல் ஒன்று அழுத்துகின்றன. அந்த நெருக்கம் போய்ச் சேரும் முனைக்குக் கிரேக்க அகரவரிசையின் கடைசி எழுத்தைப் பெயராக வைத்தார், ஒமேகா. அங்கே ஆள் கரைந்துபோவதில்லை. கூட்ட நெரிசலில் முகம் தொலைகிறது, நல்ல பாடற்குழுவில் ஒவ்வொரு குரலும் இன்னும் தெளிவாகிறது. தெயார் சொல்லும் ஒன்றிப்பு இரண்டாவது வகை. எறும்புப் புற்று மாதிரியான சமுதாயத்தைக் கண்டு அவர் பயந்தார், அவர் வாழ்ந்த காலம் அப்படிப்பட்ட அரசுகளின் காலம். ‘அனைத்தும் அவரில் நிலைபெறுகின்றன’ என்று கொலோசையர் திருமுகத்தில் பவுல் சொன்னவரே அந்த ஒமேகா என்பது அவருடைய விசுவாசம்.

அப்போ இன்டர்நெட்டை 1920-லயே சொல்லிட்டார்னு சொல்றது உண்மைதானா?

1920-களில் அவர் சொன்னது மேலே உள்ள மனக்கோளம் மட்டும்தான், அதில் எந்திரம் எதுவும் இல்லை. 1947-ல் வெளிவந்த ஒரு கட்டுரையில் வானொலி, தொலைக்காட்சி வலையைப் பற்றியும், அப்போதுதான் பிறந்திருந்த மின்னணுக் கணிப்பொறிகளைப் பற்றியும் எழுதினார். இவை மனிதகுலத்துக்குப் பொதுவான ஒரு நரம்பு மண்டலம்போல ஆகின்றன என்பது அவர் கருத்து. அது கூர்மையான பார்வை, சந்தேகமில்லை. 1962-ல் மார்ஷல் மக்லூகன் தன் ஊடக ஆய்வில் அவரை எடுத்தாண்டதும், 1990-களில் இணையம் பரவியபோது பலர் அவரை நினைத்துக்கொண்டதும் இதனால்தான்.

ஆனால் கம்பி இழுத்தால் மனம் சேர்ந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. கம்பி நெருக்கத்தைத் தரும், அன்பு இல்லாவிட்டால் அந்த நெருக்கம் நசுக்கும். இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு அவரை இணையத்தின் தீர்க்கதரிசி ஆக்குவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

திருச்சபை இவரைத் தள்ளி வெச்சிடுச்சா?

இல்லை. சபைநீக்கம் இல்லை, குருத்துவம் பறிக்கப்படவும் இல்லை. சாகும்வரை சேசு சபைக் குருதான். நடந்தது வேறு. ஆதிப்பாவத்தைப் பரிணாமத்தோடு எப்படிப் பொருத்தலாம் என்று 1922-ல் ஒரு குறிப்பை, பிரசுரிக்க அல்ல, எழுதினார். அது ரோமையின் கைக்குப் போயிற்று. 1925-ல் சில கூற்றுகளுக்கு இணங்கிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டார். பாரிஸ் கத்தோலிக்கக் கழகத்தில் கற்பிக்கும் இடம் போயிற்று, 1926-ல் மறுபடி சீனா. அறிவியல் எழுதலாம், தத்துவமும் இறையியலும் கூடாது.

‘மனிதன் என்னும் நிகழ்வு’ என்ற முதன்மை நூலை 1938–40-ல் பீக்கிங்கில் எழுதி முடித்தார். அனுமதி இல்லை. 1948-ல் தானே ரோமைக்குப் போய்க் கேட்டார். நூலுக்கும் அனுமதி இல்லை, பாரிஸின் உயர்கல்வி நிறுவனமான கொலேஜ் த பிரான்ஸில் கிடைக்கவிருந்த பதவிக்கும் அனுமதி இல்லை. 1951-ல் நியூயார்க்குக்குப் போய், வென்னர்-கிரென் அறக்கட்டளையில் மானிடவியல் ஆய்வில் கடைசி ஆண்டுகளைக் கழித்தார்.

இவ்வளவு பண்ணினப்புறம் சபையை விட்டு வெளிய வந்திருக்கலாமே? கோழைத்தனம் இல்லையா?

இந்தக் கேள்வியில் நான் நிறைய நாள் தங்கியிருக்கிறேன். வெளியே வரச் சொன்ன நண்பர்கள் அவருக்கு இருந்தார்கள். வந்திருந்தால் மறுவாரமே நூல் அச்சாகியிருக்கும், பேரும் வந்திருக்கும். அவர் வராததற்குக் காரணம் பயம் என்று எனக்குத் தோன்றவில்லை. குண்டு விழும் இடத்தில் நான்கு வருடம் தூக்குக் கட்டில் சுமந்தவர். எல்லாம் ஒன்றை நோக்கிச் சேர்கிறது என்று எழுதுகிற ஒருவர், தான் நிற்கும் உடலிலிருந்தே கிளையை வெட்டிக்கொண்டால் அவர் எழுதியதற்கே பொருள் இருக்காது. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு அவருக்குக் கட்டாக இருந்தது, வேராகவும் இருந்தது.

வலி இல்லை என்று அர்த்தமில்லை. கடைசி வருடங்களில் மனச்சோர்வும் பதற்றமும் அவரை வாட்டின. ஒரு காரியம் மட்டும் செய்தார்: எழுதியதையெல்லாம் ழான் மோர்த்தியே என்ற பெண்மணியின் பெயருக்கு எழுதிவைத்தார். அவர் சேசு சபையைச் சேர்ந்தவர் அல்ல என்பதால் சபையின் தடை அவரைக் கட்டாது. ஒரு குருவே இந்த யோசனை சொன்னார் என்பதுதான் இதில் அழகு. 1955-ல் அவர் இறந்த அதே ஆண்டு முதல் நூல் வந்தது, 1976 வரை பதின்மூன்று தொகுதிகள் வந்தன.

இப்போ தடை நீங்கிடுச்சா? போப் எல்லாம் பாராட்டுறாங்களே?

1962 ஜூன் 30 அன்று ரோமை ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: இந்த நூல்களில் இறையியல், தத்துவக் குழப்பங்களும் கடுமையான பிழைகளும் உள்ளன, இளைஞர்களைக் காத்துக்கொள்ளுங்கள் என்று. 1981-ல் அது இன்னும் செல்லும் என்று சொன்னார்கள். 2017-ல் வத்திக்கானின் பண்பாட்டுக் கழகக் கூட்டம் அதை நீக்கும்படி திருத்தந்தையிடம் கேட்டது.

எச்சரிக்கை ஒருபக்கம் இருக்க, பாராட்டு மறுபக்கம் வந்தது. 2009-ல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், உலகமே உயிருள்ள நற்கருணையாக ஆவது என்ற கருத்தைத் தெயாரின் பெரிய தரிசனம் என்று சொன்னார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் சுற்றுச்சூழல் பற்றிய தன் சுற்றுமடலின் அடிக்குறிப்பில் அவரைச் சேர்த்தார், 2023-ல் மங்கோலியா போனபோதும் அந்த ஓர்டோஸ் செபத்தை நினைவுகூர்ந்தார்.

பில்ட்டவுன் மோசடியில இவருக்கும் பங்கு உண்டாமே?

ஹேஸ்டிங்ஸில் படிக்கும்போது சார்ல்ஸ் டாசன் என்ற வழக்கறிஞர் பழக்கமானார். இங்கிலாந்தில் பில்ட்டவுன் என்ற இடத்தில் ஆதிமனிதன் கிடைத்தான் என்று 1912-ல் அறிவித்தவர் அவர். 1913 ஆகஸ்டில் அதே குழியில் ஒரு கோரைப்பல்லைத் தெயார் எடுத்தார். மனித மண்டையோட்டுத் துண்டுகளோடு ஒராங்குட்டான் தாடையைச் சாயமேற்றி வைத்த மோசடி அது என்று 1953-ல் வெளிப்பட்டது. 1980-ல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டு தெயாரையும் உடந்தை என்று எழுத, பேச்சு பரவிவிட்டது.

2016-ல் வெளியான விரிவான ஆய்வு, எல்லாப் போலிகளும் ஒரே கையின் வேலை, அந்தக் கை டாசனுடையது என்றே முடிவுக்கு வந்தது. இன்னொன்று: 1920-லேயே தெயார், அந்தத் தாடையும் மண்டையோடும் ஒரே உயிரினத்தினுடையதாக இருக்க முடியாது என்று எழுதியிருந்தார். மோசடி செய்தவர் தன் மோசடியைத் தானே சந்தேகித்து எழுதுவாரா? இளம் மாணவரை ஏமாற்றினார்கள், அவர் ஏமாந்தார். எனக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

நான் பயாலஜி டீச்சர். இதெல்லாம் சயின்ஸ்னு பிள்ளைங்ககிட்ட சொல்லலாமா?

சொல்லக்கூடாது, டீச்சர். அவருடைய புதைபடிவ ஆய்வு அறிவியல். அதைச் சக அறிவியலாளர்கள் மதித்தார்கள், 1950-ல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. பரிணாமத்துக்கு ஒரு திசை உண்டு, அது ஒமேகாவை இழுவிசையாகக் கொண்டது என்பது அறிவியல் அல்ல. அதைச் சோதிக்க வழியில்லை. இயற்கைத் தேர்வு அப்படி ஒரு முடிவைத் தேடிப் போவதுமில்லை. பாக்டீரியாக்கள் எளிமையாகவே இருந்து இன்றும் செழிக்கின்றன.

பிரச்சினை எங்கே என்றால், முதன்மை நூலின் முன்னுரையிலேயே இதை அறிவியல் நூலாக மட்டும் படியுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். அது தவறான வேண்டுகோள். நோபல் பரிசு பெற்ற உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1961-ல் எழுதிய மதிப்புரையில் அந்த நூலைக் கிழித்தெறிந்தார்: ஆசிரியர் பிறரை ஏமாற்றுகிறார், ஆனால் முதலில் தன்னையே ஏமாற்றிக்கொண்டார் என்ற பொருளில். மொழி கடுமை, ஆனால் குற்றச்சாட்டின் பாதி நியாயம். மறுபக்கம் மரபியலாளர் டோப்ஷான்ஸ்கி, பரிணாமம் இல்லாமல் உயிரியல் விளங்காது என்று 1973-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் தெயாரை மரியாதையோடு முன்வைத்தார். அரிசியை அளக்கும் படியால் துணியை அளக்க முடியாது. எலும்பை அறிவியலால் அளங்கள், ஒமேகாவை அவருடைய விசுவாச அறிக்கையாகக் கேளுங்கள். அவரே இரண்டையும் ஒரே படியால் அளக்கப் பார்த்தார், அங்கேதான் அவரோடு எனக்கு மனத்தாங்கல்.

அரவிந்தரும் இதையேதானே சொன்னார்? ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களா?

சந்தித்ததில்லை. அரவிந்தர் 1910 முதல் 1950-ல் மறையும்வரை புதுச்சேரியிலேயே இருந்தார். தன் பெரிய நூலை 1914 முதல் தொடராக எழுதினார். பரிணாமம் மனத்தோடு நிற்கவில்லை, அதற்கு மேலும் போகும் என்பதில் இருவரும் ஒன்று. இதை ஒப்பிட்டே ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் செய்னர் 1971-ல் ஒரு நூல் எழுதினார்.

வேறுபாடு பெரிது. அரவிந்தரிடம் மேலிருந்து இறங்கிய ஒன்று மறுபடி ஏறுகிறது, அதற்கு யோக சாதனை வழி. தெயாரிடம் ஏற்றம் மனிதகுலம் முழுவதும் சேர்ந்து செய்வது, ஆய்வுக்கூடமும் தொழிற்சாலையும்கூட அதில் உண்டு. நடுவில் நிற்பது சிலுவையில் அறையுண்ட ஒரு மனிதர். இருவரையும் ஒன்றாக்கினால் இருவரையும் இழப்போம்.

இந்தியாவுக்கு வந்திருக்காரா?

1935-ல் வந்தார், ஹெல்முட் த தெரா நடத்திய ஆய்வுப் பயணத்தோடு. பஞ்சாபின் உப்பு மலைத்தொடரிலும் நருமதைப் பள்ளத்தாக்கில் ஹோஷங்காபாத் பக்கமும் கற்கருவிகளையும் மண் அடுக்குகளையும் பார்த்தார். அங்கிருந்து ஜாவாவுக்குப் போனார். அதே ஹோஷங்காபாதுக்குப் பக்கத்தில் ஹத்னோராவில் 1982-ல் இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த அருண் சோனாக்கியா ஒரு பழைய மனித மண்டையோட்டைக் கண்டெடுத்தார். பீக்கிங்கில் அத்தனை வருடம் குனிந்து தேடியவர் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

இனவெறி, யூஜெனிக்ஸ் எல்லாம் எழுதியிருக்கார்னு சொல்றாங்க. நீங்க அதை மறைக்கிறீங்களா?

மறைக்கவில்லை. 1937-ல் எழுதிய ஒரு கட்டுரையில், முன்னேறாத இனக்குழுக்களிடம் முன்னேறும் மனிதகுலம் எப்படி நடந்துகொள்வது என்ற தொனியில் கேட்கிறார். முதன்மை நூலிலேயே, மனிதகுலத்துக்குத் தகுந்த உயர்ந்த ஒரு யூஜெனிக்ஸ், அதாவது யார் பிள்ளை பெறலாம் என்று தேர்ந்து மனித இனத்தை ‘மேம்படுத்தும்’ முறை, வேண்டும் என்கிறார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எல்லோரும் பேசவில்லை. அந்தப் பேச்சு அதே ஆண்டுகளில் எங்கே போய் முடிந்தது என்பதும் தெரியும்.

அணுகுண்டைப் பற்றி 1946-ல் எழுதியதும் இப்படித்தான் நெஞ்சை அறுக்கிறது. மனிதன் அணுவைத் திறந்துவிட்டான் என்ற பூரிப்பு பக்கம் பக்கமாக இருக்கிறது, ஹிரோஷிமாவில் வெந்தவர்கள் அதில் இல்லை. கோடி ஆண்டுகளை ஒரே பார்வையில் பார்த்துப் பழகியவருக்கு, கண்முன் நிற்கும் ஒரு ஆள் சில சமயம் தெரியாமல் போய்விட்டார். ஓர்டோஸ் செபத்தில் அன்று சாகப்போகிறவர்களை எல்லாம் நினைத்தவர் இவரேதான் என்பதால் வலி கூடுகிறது. ஒமேகாவில் ஒவ்வொரு முகமும் தெளிவாகும் என்று அவர் சொன்னதை நம்பினால், இந்தப் பக்கங்களை அவர் வார்த்தையைக் கொண்டே மறுக்க வேண்டும்.

லூசில் ஸ்வான்னு ஒரு பெண்ணோட உறவு இருந்ததாமே?

அமெரிக்கச் சிற்பி, 1929 முதல் பீக்கிங்கில் நெருங்கிய நண்பர். பீக்கிங் மனிதனின் முகத்தைச் சிலையாக வடித்தவரும் அவரே. ஆழமான அன்பு இருந்தது. அவர் கேட்ட அளவுக்குத் தெயாரால் கொடுக்க முடியவில்லை, வார்த்தைப்பாட்டை மீறவில்லை. இருவரின் கடிதங்கள் 1993-ல் நூலாக வந்தன. லூசிலின் வலியும் அதில் தெரியும், அதையும் சேர்த்துப் படியுங்கள்.

செயற்கை நுண்ணறிவு மனுஷனை மிஞ்சற நாள்தான் ஒமேகான்னு சொல்லலாமா?

மனிதனைத் தாண்டுவது பற்றிய இன்றைய பேச்சில் அவருடைய சாயல் உண்டு. அந்தப் பேச்சுக்கு 1957-ல் ‘டிரான்ஸ்ஹ்யூமனிசம்’ என்ற பெயரைப் பரப்பிய உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி அவருடைய நண்பர். இயற்பியலாளர் ஃபிராங்க் டிப்ளர் 1994-ல் ஒமேகா என்ற பெயரையே எடுத்து, பிரபஞ்சத்தின் முடிவில் எல்லையற்ற கணக்கீடு நடக்கும் என்று ஒரு கோட்பாடு கட்டினார்.

தெயாருக்கு எந்திரத்தின்மேல் பயம் இல்லை. 1952-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் சைக்ளோட்ரான் என்ற அணுத்துகள் முடுக்கியைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். ஆனால் அவர் வியந்தது இரும்பை அல்ல, அத்தனை துறை மனிதர்களை ஒரே தேடலில் சுற்ற வைத்த விசையை. இணையக் கேள்விக்குச் சொன்னதே இங்கும்: ஒமேகா அவருக்கு ஒரு ஆள், அன்பு செய்கிறவர், அன்பு செய்யப்படுகிறவர். எவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டாலும், யாரும் யாரையும் நேசிக்காத இடத்துக்கு அவர் அந்தப் பெயரை வைக்கமாட்டார்.

எங்க அடக்கம் பண்ணியிருக்காங்க?

1955 ஏப்ரல் 10, உயிர்ப்பு ஞாயிறு. காலையில் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் திருப்பலி, மாலையில் நண்பர்கள் வீட்டில் தேநீர், அங்கேயே மாரடைப்பு. நியூயார்க்கிலிருந்து வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையில் அப்போது சேசு சபை நவதுறவியர் இல்லமாக இருந்த இடத்தின் கல்லறைத் தோட்டத்தில், மற்றக் குருக்களின் வரிசையில் ஒரு சின்னக் கல். அந்த இல்லம் இப்போது சமையற்கலைக் கல்லூரி. வெள்ளை உடுப்புப் போட்ட மாணவர்கள் ரொட்டி சுடக் கற்கும் வளாகத்துக்குள், அப்பம் இல்லாத நாளில் பூமியையே அப்பமாக்கி ஒப்புக்கொடுத்தவர் இருக்கிறார்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. நான் எதுக்கு இவரைப் படிக்கணும்?

அவருடைய முதன்மை நூலின் ஆங்கிலப் பதிப்புக்கு 1959-ல் முன்னுரை எழுதிய ஹக்ஸ்லிக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஒமேகாவை ஏற்க முடியவில்லை என்று அதிலேயே சொல்லிவிட்டு, மற்றதற்காக அவரோடு நடந்தார்.

நீங்கள் அந்த நூலில் தொடங்க வேண்டாம், அதன் சொற்கள் முதலில் முரடாக இருக்கும். சீனாவிலிருந்தும் பயணங்களிலிருந்தும் அவர் எழுதிய கடிதங்களில் தொடங்குங்கள். கோவேறு கழுதை, புழுதி, கொள்ளையர் பயம், ஒரு பல் கிடைத்த சந்தோஷம், வீட்டு ஞாபகம் எல்லாம் இருக்கும். அடுத்து ‘உலகின் மீதான திருப்பலி’, ஒரே அமர்வில் முடியும். அதை அதிகாலையில் படியுங்கள், நான் அப்படித்தான் படித்தேன்.